தகட்டுக்குக் கீழே தகடு

இப்ரி, ஓமான்
29 ஜூன் 2025

அக்கா,

மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை. போனும் எடுக்கமாட்டேன். மனோர் பார்க் கூரை விபத்து விசாரணையில், நான் உங்களுக்குப் போனில் சொன்னதைக் கேட்கவே இல்லை என்று நீங்கள் சொன்ன அன்றே, இனி உங்களோடு என்ன கதைத்தாலும் அது தாளில் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். உங்கள் ஒஃபிஸ் மின்னஞ்சலை வேறு யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் கூரியரில், வீட்டு விலாசத்துக்கு.

நான் இப்போது இங்கே ஏசி பொருத்தும் ஆட்களுக்கு மேற்பார்வை. பாலைவன ஓரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு டயாலிசிஸ் நிலையம். கூரையில் பதினான்கு யூனிட். கோடைக்குக் குளிரும் மார்கழி இரவுக்குச் சூடும் ஒரே பெட்டிக்குள் இருந்து வரும் வகை. மார்ச் மாதம் கிரேனால் தூக்கி இரும்புச் சட்டத்தில் இருத்தியது நானும் என் ஆறு ஆட்களும். பெட்டிகள் உங்கள் கொம்பனியில் இருந்து வந்தவை. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது எனக்குத் தெரியும்.

மே மாதம் வெயில் ஏறியதிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு யூனிட்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. நாலரைக்குப் பிறகு தாமாகவே திரும்ப ஓடுகின்றன. நான் சரியாகப் பொருத்தவில்லை என்று எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் யூனிட்டைத் திறந்தேன். பெயர்த்தகட்டைப் பிடித்திருந்த றிவெற்று ஆணிகள் மற்ற இடத்து றிவெற்றுகளைவிடப் புதிதாய் மினுங்கின. கழற்றினேன். கீழே இன்னொரு தகடு, பெட்டியோடு ஒட்டியது, கழற்ற ஏலாது. மேலே இருந்த தகடு 46 பாகை வெயிலில் முழுக் குளிரையும் தரும், 52 வரை ஓடும் என்கிறது. கீழே இருப்பது 35 பாகைக்கு அளந்த மொடல். அது உங்கள் ஊர் வெயிலுக்குச் செய்தது. பிறகு இன்னும் மூன்றைத் திறந்தேன். மூன்றிலும் அதே கதை. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அனுப்பமுன் பரிசோதித்த தாள் இங்கே கோப்பில் இருக்கிறது. பதினான்குக்கும் உங்கள் கையொப்பம். நீங்கள் அந்தப் பெட்டிகளைக் கண்ணால் பார்த்தீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஒஃபிஸில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்கிறேன். சொல்வீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

றொனால்ட்


கிங்ஸ்பரி, லண்டன்
8 ஜூலை 2025

றொனால்ட்,

உன் கையெழுத்தை உறையில் கண்டவுடன் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன். ஜெனோஜாதான் பிரித்துத் தந்தாள். மாமா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். வேலை விசயம் என்றேன். மூன்று வருடத்தில் மருமகளைப் பற்றி ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

ஓம், பார்த்தேன். பதினான்கையும் பார்த்தேன். பார்க்காமல் கையொப்பம் வைக்கிறவள் அல்ல நான். அது உனக்கும் தெரியும்.

இனி என்னுடைய முறை. யூனிட் மத்தியானத்தில் நிற்பதற்கு முதற்காரணம் பெரும்பாலும் யூனிட் அல்ல, அதை வைத்த இடம். பக்கத்தில் உயரமான மதில் இருந்தால், பெட்டி வெளியே தள்ளிய சூட்டை அதுவே திரும்ப இழுக்கும். மதிலுக்கும் யூனிட்டுக்கும் இடையில் எவ்வளவு விட்டாய்? காற்று உள்ளே போகும் பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தாயா? மார்ச்சில் கிரேன் தூக்கியபோது ஒவ்வொன்றும் எத்தனை கிலோ காட்டியது? 35 பாகை மொடல் நிறை குறைந்தது; நீ சொல்வது உண்மையானால் அந்தப் பெட்டிகள் தாளில் உள்ளதைவிட இலேசாக இருந்திருக்கவேண்டும். கிரேன் ஓட்டிய ஆளுக்கு அது முதலாவது பெட்டியிலேயே தெரிந்திருக்கும். உனக்கும் தெரிந்திருக்கும்.

உன் படத்தில் இரண்டு தகடுகள் தெரிகின்றன. எந்தக் கூரை, எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. தகடு அடிக்கிற கடை லண்டனில் மட்டும்தான் இருக்கிறதா? அங்கே உன்னுடைய கொம்பனிக்காரர் தங்கள் பிழையை எங்கள் தலையில் கட்டுவதற்கு என் தம்பியைக் கண்டுபிடித்திருக்கிறார்களோ என்றும் யோசிக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது யார்? இதன் பிரதி யாரிடம் இருக்கிறது?

பெனிற்றா


இப்ரி
15 ஜூலை 2025

அக்கா,

எழுதச் சொன்னது யாருமில்லை. பிரதி என்னிடம் மட்டும்.

மதில் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பெட்டிகள் தெரியக்கூடாது என்று, நாங்கள் பொருத்தி முடித்த பிறகு கட்டடக்காரர் இரண்டு மீற்றர் உயரத்துக்கு ஒரு மறைப்பு எழுப்பினார்கள். அளந்தேன். வெளியில் 47 பாகை இருக்கும்போது பெட்டி இழுக்கிற காற்று 50. நான் அதை அப்போதே எதிர்த்து எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. ஆனால் 52 வரை ஓடும் என்று தகடு சொல்கிற பெட்டி 50-இல் ஏன் நிற்கவேண்டும்? ஐந்தாம் யூனிட்டுக்கு முன்னால் மறைப்பே இல்லை. அதுவும் நிற்கிறது.

நீங்கள் எல்லாவற்றையும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தாளில் திகதி பெப்ரவரி 11. இடம் உங்கள் கொம்பனி சரக்கு வைக்கும் சவுத்தால் ஸ்ரோர். அக்கா, பெப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். இருபது வருடமாக அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போனதை நான் கண்டதில்லை. விடியவே கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்துக்குப் பூக்கட்டி, பின்னேரம் செபமாலை சொல்லி, பூசை முடிந்து கடைசி ஆளாய்க் கதவு பூட்டி வருகிறவர் நீங்கள். இந்த வருடம் மட்டும் மாதாவை விட்டுவிட்டு சவுத்தாலுக்குப் போனீர்களா? கோயிலில் யாரையும் கேட்டு எழுத எனக்கு அதிக நேரம் எடுக்காது. இன்னும் கேட்கவில்லை.

என் பாஸ்போட்டை இங்கே எங்கள் கொம்பனி வாங்கி வைத்துவிட்டது. பொருத்தியதில் பிழை என்று நான் ஒப்புக்கொள்ளும் தாள் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அழைத்துக் காட்டுகிறார்கள். மத்தியான முறை நோயாளிகளை இப்போது நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். போக வர நாலு மணித்தியாலம். இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்று நீங்கள் ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

றொனால்ட்


கிங்ஸ்பரி
23 ஜூலை 2025

றொனால்ட்,

மாதாவின் பெயரை வைத்து என்னைப் பிடிக்கப் பார்க்கிறாய். காலைப் பூசைக்குப் போய்விட்டு மத்தியானம் சவுத்தாலுக்குப் போனேன். போதுமா? கோயிலில் யாரையும் கேட்டுக்கொண்டு திரியாதே. அங்கே ஏற்கெனவே நம் குடும்பத்தைப் பற்றிக் கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். மதிலுக்குப் பதில் எழுதினாய். வெப்பமானிக்குப் பதில் எழுதினாய். நிறைக்கு ஒரு சொல்லும் இல்லை. நீ மறப்பவன் அல்ல. ஒரு பதிலைத் தாண்டிப் போகிறாய் என்றால் அதற்கு அடியில் ஏதோ கிடக்கிறது.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திங்கட்கிழமை எங்கள் மனேஜர் ஷங்கரிடம், இப்ரிக்கு அனுப்பிய யூனிட்களின் தொழிற்சாலைச் சான்றிதழைப் பார்க்கவேண்டும், கோப்பில் காணவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். உன் பெயர் சொல்லவில்லை, தகடு பற்றிச் சொல்லவில்லை. அவர் கணினியில் இருந்து தலையை எடுக்காமல், "உங்க தம்பி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

நீ ஓமானில் இருப்பதை நான் ஒஃபிஸில் ஒருவருக்கும் சொன்னதில்லை. உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்பதே அங்கே தெரியாது. அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் சிரித்தார். சான்றிதழைத் தேடித் தருவதாகச் சொன்னார். இன்றுவரை தரவில்லை.

இதை வைத்து நீ எதையும் முடிவெடுக்காதே. ஏழு வருடத்துக்கு முன் ஜேர்மனியில் இருந்து வந்து, இங்கிலிஷில் ஒரு மின்னஞ்சல் எழுதத் தயங்கிய எனக்கு வேலை தந்தவர் அவர்தான்.

பெனிற்றா


இப்ரி
31 ஜூலை 2025

நீங்கள் ஷங்கரிடம் கேட்டது திங்கட்கிழமை, 21-ஆம் திகதி. 27-ஆம் திகதி ஞாயிறு, நான் கொம்பனி ஒஃபிஸில் அந்தத் தாளுக்கு முன்னால் இருந்த நேரத்தில், உங்கள் கொம்பனியின் இங்கத்தைய முகவர் அனுப்பினார் என்று இரண்டு பேர் அனுமதிச் சீட்டோடு கூரைக்கு ஏறியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோது பதினான்கிலும் மேல்தகடு இல்லை. கீழ்த்தகட்டைக் கிரைண்டர் பிடித்து எழுத்துத் தெரியாமல் சுரண்டியிருந்தார்கள். இரும்புத்தூள் இன்னும் மணலோடு கிடந்தது.

ஒஃபிஸில் சொல்லவேண்டாம் என்று முதற்கடிதத்திலேயே கேட்டேன். சாதாரணமாகக் கேட்டேன் என்கிறீர்கள். மனோர் பார்க்கிலும் நீங்கள் சாதாரணமாகத்தான் பதில் சொன்னீர்கள். என்னோடு வேலை செய்த கிருசாந்தன் கூரைக் கண்ணாடிக்குள்ளால் விழுந்து கால் முறிந்து கிடந்தான். கண்ணாடியை மூடப் பலகை கேட்டு, ஒஃபிஸில் இருந்து பொருட்கள் அனுப்புகிற உங்களுக்கு நான் சொன்னதாக விசாரணையில் சொன்னேன். அப்படி ஒரு அழைப்பும் வரவில்லை என்றீர்கள். அதோடு லண்டனில் ஒரு கூரையிலும் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒன்பதாம் யூனிட்டில் இருந்து நான் கழற்றிய மேல்தகடு என்னிடம் இருக்கிறது. எங்கே என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானப் பஸ்ஸில் ஸாலிம் என்று ஒரு முதியவர் இறந்துவிட்டார். எழுபத்தொரு வயது. இதயம் ஏற்கெனவே பலவீனம் என்கிறார்கள். அப்படியே இருக்கலாம். அவர் ஒருநாள் வாசலில் என்னைக் கண்டு, கூரையைக் காட்டி, கையால் விசிறிக் காட்டினார். விளங்கியது. நாளைக்குச் சரிவரும் என்று தலையாட்டினேன்.

இனி எழுதவேண்டாம்.

றொனால்ட்


கிங்ஸ்பரி
10 ஆகஸ்ட் 2025

றொனால்ட்,

எழுதவேண்டாம் என்றாய். இதை வாசித்துவிட்டுக் கிழி.

பெப்ரவரி 11 நான் சவுத்தாலுக்குப் போகவில்லை. காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை. நீ எழுதியதுபோல் கோயிலில் இருந்தேன், பூக்கட்டிக்கொண்டு. அடுத்த நாள் ஒஃபிஸுக்கு வந்தபோது பதினான்கு படம் வந்திருந்தது. பதினான்கிலும் தகடு சரியாக இருந்தது. கொள்கலன் பின்னேரம் புறப்படவேண்டும் என்று ஷங்கர் இரண்டு தரம் வந்து நின்றார். படத்தைப் பார்த்துக் கையொப்பம் வைத்தேன். படம் எடுத்த நாளையே, 11 என்று, திகதியாகவும் போட்டேன். அது என் விடுப்பு நாள் என்று கூட எனக்கு உறைக்கவில்லை. நீ கேட்டபோது உனக்கும் பொய் சொன்னேன். ஏனென்றால் கேட்டது நீ. வேறு யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் சவுத்தால் ஸ்ரோருக்குப் போனேன். முதன்முறையாக. ஸ்ரோர்காரர் பெப்ரவரி மாத வரவுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். இப்ரி என்று எழுதிய பதினான்குக்கும் நேரே அந்த 35 பாகை மொடலின் இலக்கம். ஒளிக்கக்கூட இல்லை. யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. பக்கத்தைப் படம் எடுத்தேன்.

அதோடு ஷங்கரின் அறைக்குள் போனேன். அவர் மறுக்கவில்லை. "சரியான யூனிட் வர பதினாறு வாரம் ஆகும்னாங்க. ஆஸ்பத்திரி திறப்புக்கு ஆறு வாரம்தான் இருந்துச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள மாத்திடலாம்னு நெனைச்சேன்" என்றார். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். அதற்குள் வேறு வேலைகள் வந்துவிட்டன என்றார். ஒரு மனிதர் செத்துவிட்டார் என்றேன். மிக மெதுவாக, "தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்க, பெனிற்றா. நான் போடல" என்றார்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சொன்னது உண்மை. நீ இந்த வேலையில் இருக்கிறாய் என்பதும் அவருக்கு மார்ச்சிலேயே முகவர் மூலம் தெரியுமாம். பிரச்சினை வந்தால் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்திருக்கிறார்.

நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை 15-ஆம் திகதி கோப்பில் பெயர் இருக்கும் உங்கள் நிலையத்தின் எஞ்சினியர் யூசுப்புக்கும், இங்கே கவுன்சிலில் வணிக முறைகேடு பார்க்கும் பிரிவுக்கும் அனுப்புகிறேன். நீ என்ன சொன்னாலும் அனுப்புவேன். ஆனால் ஆறாம் பந்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது நிறை பற்றியது. அதில் என்ன எழுதுவது என்று உனக்குத்தான் தெரியும்.

பெனிற்றா


இப்ரி
18 ஆகஸ்ட் 2025

அக்கா,

உங்கள் பிரதியை நான் நம்பவில்லை. எனக்குக் காட்ட ஒன்று, அனுப்ப இன்னொன்று எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை யூசுப்பின் அறை வாசலில் போய் நின்று, லண்டனில் இருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அவர் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். என்னிடம் இருந்ததோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒன்றுதான். ஆறாம் பந்தியில் "இதுபற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது" என்று மட்டும் இருந்தது.

அந்தப் பந்தியை நான் அவருக்கு அங்கேயே நின்று சொன்னேன். உங்களுக்கும் எழுதுகிறேன்.

மார்ச் 6. முதலாவது யூனிட் நிலத்தில் இருந்து ஒரு முழம் எழும்பியதும் கிரேன் ஓட்டிய நேபாளக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தாளில் 1,180 கிலோ. அவருடைய மானி 1,040. நான் மானி பழுது என்றேன். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் 1,040. அவர் என்னைப் பார்த்தார். தூக்குங்கோ என்றேன். லண்டனில் வேலை போனவன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். முதல் வேலையிலேயே கேள்வி கேட்கிறவன் என்று பெயர் எடுக்கப் பயந்தேன். அன்றைக்கு நிறுத்தியிருந்தால் ஒரு பெட்டியும் கூரைக்குப் போயிருக்காது. ஜூனில் தகட்டைக் கண்டபோது எனக்கு வந்தது அதிர்ச்சி அல்ல. குற்றம் போட இன்னொரு ஆள் கிடைத்த ஆறுதல். அந்த ஆள் நீங்களாக இருந்தது இன்னும் பெரிய ஆறுதல்.

இதை எழுதிய கையோடு மற்றதையும் எழுதிவிடுகிறேன். மனோர் பார்க்கில் கிருசாந்தன் விழுந்த அன்று நான் உங்களுக்குப் போன் எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். மழை வரப் பார்த்தது, முடித்துவிட்டு இறங்கலாம் என்று விட்டுவிட்டேன். அம்புலன்ஸ் போன பிறகு அங்கத்தைய எஞ்சினியர் கேட்டபோது, "அக்காவுக்குச் சொன்னனான்" என்று வாயில் வந்துவிட்டது. அதன்பிறகு எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொன்னேன் என்றால், பலகை வேண்டும் என்று நான் கேட்டதும், பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் எனக்கே காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

றொனால்ட்


கிங்ஸ்பரி
7 செப்டெம்பர் 2025

றொனால்ட்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு வாசித்தேன். பிறகு இருந்தேன். ஜெனோஜா வந்து அடுப்பை நிறுத்தினாள்.

உனக்கு ஒன்று தெரியவேண்டும். விசாரணைக்குப் பிறகு என் போன் கணக்கின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். உன் இலக்கம் அன்றைக்கு இல்லை. ஆனாலும் உன் முகத்தில் அவ்வளவு உறுதி இருந்தது. வட்ஸப்பில் வந்து அழிந்துபோயிருக்குமோ, நான்தான் எடுத்துக் கதைத்துவிட்டு வேலைக் களைப்பில் மறந்துபோனேனோ என்று மூன்று வருடம் யோசித்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் போய், செய்தேனா என்று தெரியாத ஒரு பாவத்தைச் சொல்லியிருக்கிறேன். குருவானவர் தெரியாத பாவத்துக்கு என்ன பரிகாரம் தருவது என்று தடுமாறினார்.

அதனால் பரவாயில்லை என்று நான் எழுதமாட்டேன். இப்போதைக்கு இல்லை. நீ உண்மையை எனக்கு மட்டும் சொன்னால் போதாது. கிருசாந்தன் சவுத்தாலில்தான் இருக்கிறான். இன்னும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அவனுக்குச் சொல்.

இங்கே நடந்தவை. என்னை வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள். கவுன்சிலில் இருந்து இரண்டு பேர் வந்து ஸ்ரோரின் புத்தகத்தை எடுத்துப் போனார்கள். ஷங்கர் இன்னும் ஒஃபிஸுக்குப் போகிறார் என்று கேள்வி. வக்கீல் வைத்திருக்கிறாராம். என்னை மூன்று மணித்தியாலம் கேட்டார்கள். பார்க்காமல் கையொப்பம் வைத்தது இது முதல்தடவையா என்று கேட்டபோது, இல்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை என்று கேட்டாள். கணக்கு இல்லை என்றேன். இப்போது பழைய கோப்புகளை எல்லாம் திறக்கிறார்கள்.

கோயிலில் என்னோடு பாடுகிற கோதை, சொந்த மனேஜரைக் காட்டிக் கொடுத்தவள் என்று என் காதுபடவே சொன்னா. போன தடவை தம்பியைக் காட்டிக் கொடுத்தாள், இந்தத் தடவை சோறு போட்டவரை என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு உதவி. அந்த ஸாலிமின் வீட்டு ஆட்கள் யார் என்று விசாரித்து எழுது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். என் வக்கீல் கூடாது என்கிறார்.

பெனிற்றா


இப்ரி
12 ஒக்டோபர் 2025

அக்கா,

வேறு நிறுவனத்தில் இருந்து புதுப் பெட்டிகள் போன வாரம் வந்தன. யூசுப்பும் நானும் வெயிலுக்குள் நின்று ஒவ்வொன்றின் நிறையையும் வாசித்து எழுதிய பிறகே கிரேன் தூக்கியது. மறைப்பையும் இடித்து, காற்றுப் போகிற மாதிரிக் கம்பி வலையாக மாற்றிவிட்டார்கள். வெயில் இப்போது 40-க்குள் வந்துவிட்டது, அதனால் முழுச் சோதனை அடுத்த கோடையில்தான். ஆனால் நோயாளிகள் திரும்பி வந்துவிட்டார்கள். பாஸ்போட் என் கைக்கு வந்துவிட்டது. நான் உடனே லண்டன் வரவில்லை. தையில் குளிர் இறங்கும்போது சூடு தரும் பக்கத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாக யூசுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் என்னை முழுதாக நம்பவில்லை. நான் இறுக்கிய ஆணியை எல்லாம் எனக்குப் பின்னால் வந்து ஒருதரம் இறுக்கிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

கிருசாந்தனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நான் அப்பவே யோசிச்சனான் அண்ணை. அக்காட்டைக் கேட்டிருந்தால் பலகை வந்திருக்கும்" என்றான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் எடுத்தால் எடுப்பதில்லை.

ஸாலிமுக்கு மனைவி இல்லை. ஒரு மகள், கதீஜா, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறா. நீங்கள் கடிதம் எழுதமுன் நான் போகவேண்டும் என்று தோன்றியது. யூசுப் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்தார். பேரீச்சம்பழமும் கோப்பியும் வைத்தார்கள். தூக்கி வைத்தவன் நான், நிறை குறைவு என்று அன்றே தெரியும், சொல்லவில்லை என்றேன். யூசுப் அதை அரபியில் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பெண் அழவில்லை, ஏசவில்லை. தகப்பன் கடைசி மாதத்தில் பஸ்ஸுக்குப் போக மறுத்ததையும், தானே வற்புறுத்தி ஏற்றியதையும் சொன்னா. அதை இரண்டு தரம் சொன்னா. பிறகு கேட்டது இதுதான். யூசுப் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்: "தூக்கி வைத்தவர் வந்துவிட்டார். கையொப்பம் வைத்தவர் எங்கே?"

லண்டனில் என்றேன். அது தூரமா என்று கேட்டா.

இதை உங்களுக்கு எழுதுவதா என்று நாலு நாள் யோசித்தேன். மறைத்தேன் என்று பிறகு நீங்கள் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் வரவேண்டாம். இங்கே நிலையம் போட்ட வழக்கு இன்னும் மூடவில்லை. உங்கள் பெயர் அதில் இருக்கிறது. விமான நிலையத்திலேயே பாஸ்போட்டை வாங்கிவிடுவார்கள், மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். யூசுப்பும் அதைத்தான் சொல்கிறார். கடிதம் எழுதுங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

றொனால்ட்


கிங்ஸ்பரி
2 நவம்பர் 2025

றொனால்ட்,

கடிதம் எழுதிப் பார்த்தேன். ஐந்து தரம். ஒவ்வொன்றும் கடைசியில் என்னைப் பற்றியே வந்து நின்றது. கிழித்துவிட்டேன்.

வக்கீல், போனால் தான் இந்த வழக்கில் இல்லை என்று சொல்லிவிட்டார். ஜெனோஜா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நேற்று வந்து, பயணப்பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போனாள். என்னை வரவேண்டாம் என்று நீ எழுதியதை, எனக்காக எழுதினாயா, உனக்கு ஏதாவது வரும் என்று எழுதினாயா என்றும் யோசித்தேன். இனி அப்படி யோசிக்காமல் இருக்க எனக்கு எவ்வளவு காலம் எடுக்குமோ தெரியாது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை காலை மஸ்கற்றில் இறங்குகிறேன். யூசுப்புக்கும் அறிவித்துவிட்டேன். பிடித்தால் பிடிக்கட்டும். விட்டால், முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நீ எனக்காக ஒன்றும் சொல்லவேண்டாம். வாசலில் நின்றால் போதும்.

விமான ரிக்கெற் போகும் பக்கத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறேன்.

அக்கா